கதவு திறக்கும்வரை பாடியவர்

செய்தி வந்தபோது, ஒஸ்லோவின் எல்லிங்ஸ்ருட்டில் நான் வேலை செய்யும் பாலர் பள்ளியின் முற்றத்தில், பிள்ளைகளுக்குக் கையுறை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். ஓபி அக்காவின் மகள் சியோமா அழைத்தாள். "வதனி அன்ரி, அம்மா இண்டைக்குக் காலமை போயிட்டா" என்றாள். பிறகு அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கஞ்சியிலை உப்பில்லை எண்டு நேர்ஸோடை பகிடி விட்டவவாம். நேர்ஸ் உப்பு எடுத்துக்கொண்டு திரும்பி வரேக்கை கண்ணை மூடிப்போட்டா."

நானும் சிரித்தேன், அழுதேன். உப்பு வரும்வரைகூட இருக்கவில்லையே என்றுதான் முதலில் தோன்றியது. காத்திருப்பது அவருக்கு எப்போதுமே பிடிக்காத வேலை.

அவரை அறிந்தவர்களுக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. ஹவுகன்ஸ்டுவாவில் எங்கள் மாடிக் குடியிருப்பில் இருந்தவர்களுக்கும், முதியோர் இல்லச் சமையலறையில் அவரோடு வேலை செய்தவர்களுக்கும், சனிக்கிழமைகளில் எங்களோடு நின்று பாடியவர்களுக்கும் அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கும். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவரது முழுப்பெயர் ஓபியாகெலி. நைஜீரியாவின் கிழக்கே வாழும் இக்போ மக்களில் ஒருவர். உண்டு மகிழ வந்தவள் என்பது அந்தப் பெயரின் பொருள். அவர் சிறுமியாக இருந்தபோது, நாட்டின் வடக்கே இக்போ மக்கள் கொத்துக்கொத்தாகக் கொல்லப்பட்டார்கள். அதன் பின் கிழக்குப் பகுதி பியாஃப்ரா என்ற பெயரில் தனிநாடாகத் தன்னை அறிவித்தது. போர் வந்தது. உணவு உள்ளே போகும் வழிகள் அடைக்கப்பட்டன. குண்டில் செத்தவர்களைவிடப் பசியில் செத்தவர்கள் அதிகம் என்பார் ஓபி அக்கா. அவருடைய தம்பிமார் இருவரும் அப்படித்தான் போனார்கள்.

"என்ரை பேர் அப்பா தந்த வாக்கு. போர் அதைப் பொய்யாக்கப் பாத்தது. நான் விடேல்லை" என்று சொல்லி, இரண்டாம் தரம் தட்டை நீட்டுவார். தம்பிமாரைப் பற்றிப் பேசிய பிறகும் அவரால் ரசித்துச் சாப்பிட முடிந்தது. அது மறதி அல்ல என்று விளங்க எனக்குக் கொஞ்சக் காலம் எடுத்தது.

நாங்கள் இருவரும் நோர்வேஜிய மொழியில்தான் பேசிக்கொண்டோம். ஆனால் அவர் சொன்னதெல்லாம் என் நினைவில் எங்கள் ஊர்த் தமிழாகவே தங்கியிருக்கிறது. அப்படியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் நட்பு ஒரு நாற்றத்தில் தொடங்கியது. படிக்கட்டு முழுக்க மீன் மணக்கிறது என்று குடியிருப்பில் யாரோ முறைப்பாடு செய்திருந்தார்கள். நிர்வாகக் கூட்டத்தில் அந்த விடயம் வந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். முதல்நாள் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தேன். குற்றவாளி நான்தான் என்று நினைத்து, எழும்பி மன்னிப்புக் கேட்பதற்குச் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தபோது, மூன்றாம் மாடியில் புதிதாகக் குடிவந்திருந்த பெண் எழுந்தார். பச்சைத் தலைப்பாகை, அகன்ற தோள்கள். கையிலிருந்த துணிப்பையிலிருந்து விறகுக்கட்டை போன்ற ஒன்றை எடுத்து மேசையில் 'டொக்' என்று வைத்தார். நோர்வேயின் வடக்கே கடற்கரைச் சட்டங்களில் தொங்கவிட்டுக் காயவைக்கும் மீன் அது.

"இது உங்கடை மீன். நான் சின்னப்பிள்ளையா, வயிறு ஊதிக் கிடந்த நேரம், உங்கடை தேவாலயச் சனம் விமானத்திலை ஏத்தி அனுப்பினது. இதிலை வைச்ச சூப்பைக் குடிச்சுத்தான் நான் இண்டைக்கு உங்களுக்கு முன்னாலை நிக்கிறன். அப்பவே சொல்லியிருக்கலாமே, இது மணக்கும் எண்டு!"

எல்லோரும் மேசையில் கிடந்த மீனை எட்டிப் பார்த்தார்கள். பிறகு தலைவராக இருந்த வயதான நோர்வேஜியர் வாய்விட்டுச் சிரித்தார். அவரும் வடக்கே பிறந்தவராம். அந்த மீனைக் கையிலெடுத்து முகர்ந்து பார்த்து, "நல்ல மீன்" என்றார். காற்றுப்போக்கியைத் திருத்துவது என்று அன்று தீர்மானமானது. வெளியே வரும்போது நான் ஓபி அக்காவின் கையைப் பிடித்து, நேற்று மணந்தது என் கருவாடு என்று உண்மையைச் சொன்னேன். "எனக்குத் தெரியும். மணத்திலையே பிடிச்சிட்டன். என்ரை பங்கு எங்கை?" என்றார்.

அடுத்த ஞாயிறு அவர் வீட்டில் நானும், என் வீட்டில் அவருமாகச் சாப்பிட்டோம். அந்த மீனுக்கு இக்போ மொழியில் ஒக்போரோகோ என்று பெயர். பானைக்குள் கிடந்து சத்தம் போடுவது என்று அர்த்தமாம். "எங்கடை சனம் மாதிரித்தான். எவ்வளவு காய வைச்சாலும் தண்ணி பட்டவுடனை கதைக்கத் தொடங்கிவிடும்."

2009 வசந்த காலத்தை இதை வாசிக்கும் தமிழர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். வன்னியில் என் தங்கையின் குடும்பம் எங்கே என்று தெரியாமல், நான் வேலை முடிந்தவுடன் பாராளுமன்றத்தின் முன்னால் போய் நின்றேன். தொண்டை கட்டி, சாப்பாடு இறங்காமல் நாங்கள் பலர் நின்றோம். ஒரு நாள் பின்னேரம் ஓபி அக்கா வேலை உடுப்போடு அங்கே வந்தார். தோளில் ஒரு பெரிய வெந்நீர்க் குடுவை. எதற்காக நிற்கிறீர்கள் என்று எவரிடமும் அவர் கேட்கவில்லை. வரிசையாகச் சூப் ஊற்றிக் கொடுத்துக்கொண்டே வந்தார். நான் வேண்டாம் என்று கையை ஆட்டினேன்.

"பட்டினி எண்டது உன்ரை ஆயுதமில்லை, பிள்ளை. அது எங்களைக் கொன்றவங்களின்ரை ஆயுதம். அவங்கடை ஆயுதத்தை நீ ஏன் தூக்கிறாய்? குடி. குடிச்சிட்டு இன்னும் சத்தமாக் கத்து."

குடித்தேன். அவரும் பக்கத்தில் நின்று, நாங்கள் எழுப்பிய தமிழ்க் கோஷத்தைத் தப்புந்தவறுமாகத் திருப்பிச் சொன்னார். அந்த உச்சரிப்பைக் கேட்டு, பல நாட்களின் பின் எங்களில் சிலருக்குச் சிரிப்பு வந்தது. என் தங்கையும் பிள்ளைகளும் உயிரோடு முகாமில் இருக்கிறார்கள் என்ற செய்தி பின்னர் வந்தபோது, என் வீட்டுக் கதவை முதலில் தட்டியவர் அவர். நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. என் அழுகைச் சத்தம் மேல்மாடிக்குக் கேட்டிருக்கிறது. அது என்ன வகை அழுகை என்பதும் அவருக்குக் கேட்டே விளங்கியிருக்கிறது. கையில் கேக்கோடு வந்திருந்தார்.

அவரது அரசியல் என்ன என்று கேட்பவர்களுக்கு அவர் நீண்ட பதில் வைத்திருக்கவில்லை. "கேளுங்கோ எண்டுதான் கேக்கிறன். நைஜீரியாவோடை இருக்க விருப்பமோ, தனியப் போக விருப்பமோ எண்டு எங்கடை சனத்திட்டை ஒருக்கா வாக்கெடுத்துக் கேளுங்கோ. அவ்வளவுதான்." மே பதினேழாம் திகதி நோர்வேயின் தேசிய நாள் ஊர்வலத்தைப் பார்க்க நாங்கள் சேர்ந்து போவோம். கொடி பிடித்துப் போகும் பிள்ளைகளுக்குக் கைகாட்டியபடி சொல்வார்: "பார், இவையளிட்டை ஒருக்காக் கேட்டவை, சுவீடனை விட்டுப் பிரியிறியளோ எண்டு. ஓம் எண்டு சொல்லிச்சினம். வானம் இடிஞ்சு விழுந்ததோ? இப்ப ஒவ்வொரு கிழமையும் எல்லை தாண்டிப் போய் அங்கை மலிவா இறைச்சி வேண்டிக்கொண்டு வருகினம். பிரிஞ்ச பிறகும் இப்பிடி ஒற்றுமையா இருக்கலாம்!"

ஆனால் அவர் வீட்டு மேசையிலேயே அவருக்கு எதிர்ப்பு இருந்தது. சியோமா இங்கே பிறந்து சட்டம் படித்தவள். தனிநாடு தீர்வல்ல, நைஜீரியாவுக்குள்ளேயே சம உரிமைக்காகப் போராட வேண்டும் என்பது அவள் கட்சி. இருவரும் வாதாடும்போது கரண்டிகள் துள்ளும். முதன்முதல் அதைப் பார்த்தபோது, எழும்பிப் போய்விடலாமா என்று நான் யோசித்தேன். எங்கள் வீடுகளில் பிள்ளைகள் இப்படிப் பேசினால் அன்றிரவே பெரிய பஞ்சாயத்து நடக்கும். ஓபி அக்காவோ மகள் பேசி முடியும்வரை வாயைத் திறக்காமல் கேட்டார். முடிந்ததும், "பிழையான கருத்து. ஆனா நல்லாச் சொன்னனி" என்று அவள் தட்டில் இன்னொரு துண்டு இறைச்சியை வைத்தார். பிறகு என்னைப் பார்த்து ஒரு இக்போப் பழமொழி சொன்னார்: "பருந்தும் இருக்கட்டும், கழுகும் இருக்கட்டும். மற்றதை இருக்கவிடாததின்ரை செட்டை ஒடியட்டும்."

அந்தப் பழமொழிக்கு அவர் விலையும் கொடுத்தார். ஊரில் சில ஆயுதக் குழுக்கள், போராட்டத்தின் பெயரால் திங்கட்கிழமைகளில் சனத்தைக் கடை திறக்கவிடாமல் மிரட்டிய காலம் அது. ஒஸ்லோவில் நடந்த இக்போ மக்களின் கூட்டமொன்றில் கெலெச்சி என்ற நண்பர் அதை நியாயப்படுத்திப் பேசினார். ஓபி அக்கா எழுந்து, "எங்கடை மனிசியின்ரை தக்காளிக் கூடையைத் தட்டிவிடுறவன் எனக்காகப் போராடேல்லை" என்றார். கெலெச்சியின் வாயிலிருந்து துரோகி என்ற சொல் வந்தது. கெலெச்சியும் வேறு சிலரும் வெளியேறினார்கள். அந்தச் சொல் அவரைச் சுட்டதென்று எனக்குத் தெரியும். மறுநாள் கெலெச்சியின் வீட்டுக்குப் பானையோடு போனார். "என்ரை கோபம் உன்ரை யோசனையோடை. உன்ரை வயித்தோடை இல்லை" என்று கதவடியில் நின்று சொன்னாராம். கெலெச்சி அவரை உள்ளே கூப்பிட்டார். கருத்து மாறவில்லை. ஆனால் அதன் பிறகு எந்தக் கூட்டத்திலும் அவர் அந்தச் சொல்லைப் பாவிக்கவில்லை.

இனி சனிக்கிழமைகளின் கதை. நைஜீரியாவின் ஆபா நகரத்தில் கைபேசி திருத்தும் சிறு கடை வைத்திருந்த இஃபெயானி, ஓபி அக்காவின் அக்கா மகன். போரில் இறந்தவர்களை நினைவுகூரும் கூட்டமொன்றுக்குப் போனவனை அரசுப் படையினர் பிடித்துக்கொண்டு போனார்கள். மாதங்கள் போயின. நீதிமன்றமும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. சியோமா தனக்குத் தெரிந்த சட்ட வழிகளையெல்லாம் தேடினாள். ஊரில் ஒரு வழக்கறிஞர் ஓடித்திரிந்தார். ஓபி அக்கா சிரிப்பதை நிறுத்திய ஒரே காலம் அதுதான்.

ஒரு நாள் என்னிடம் வந்தார். முகத்தில் ஏதோ முடிவு இருந்தது. "எங்கடை பெண்களிட்டை ஒரு பழைய வேலை இருக்கு. ஆரும் பெரிய மனிசர் அநியாயம் செய்தா, பெண்டுகள் எல்லாரும் சேர்ந்து அவரின்ரை வாசலிலை போய் இருந்து பாடுவினம், ஆடுவினம். அவர் வெளியிலை வந்து பதில் சொல்லுமட்டும் விடாயினம். வெள்ளைக்காரன் காலத்திலை பெண்களிட்டையும் வரி வாங்கப் போறாங்கள் எண்டு கதை வந்தபோதும் ஆயிரக்கணக்கிலை போய்ப் பாடினவை. சுட்டவங்கள், கன பேர் செத்தவை. ஆனா பெண்களிட்டை வரி வாங்கேல்லை." பிறகு கேட்டார்: "இஞ்சை ஆரின்ரை வாசலிலை பாடலாம்?"

பாராளுமன்றத்தின் முன்னால், கற்சிங்கங்களுக்குக் கீழே என்று முடிவாகியது. முறைப்படி அனுமதி வாங்கினோம். நான் எங்கள் தமிழ்ப் பெண்களிடமும் கேட்டுப் பார்த்தேன். "எங்கடை பிரச்சினையே முடியேல்லை, இதுக்குள்ளை உது வேறையோ?" என்றார் ஒருவர். இன்னொருவர், "அந்த மனிசி எனக்குச் சூப் தந்தது. நான் வாறன்" என்றார். முதல் சனிக்கிழமை தமிழ்ப் பெண்கள் ஒரு சிலர்தான். இக்போப் பாடல்களின் சொற்கள் எங்கள் வாயில் நிற்கவில்லை.

"உங்கடை பாட்டைப் பாடுங்கோ. உங்களுக்கு வாசல் பாட்டு இல்லையோ?" என்றார் ஓபி அக்கா.

யோசித்தோம். கும்மி அடிக்கலாமே என்று யாரோ சொன்னார்கள். அங்கேயே நின்று இரண்டு வரி கட்டினோம்:

வாயைத் திறவுங்கோ, வாசல் திறவுங்கோ
வளர்ந்த பிள்ளையை வீட்டுக்கு விடுங்கோ

தட்டத் தொடங்கியதும் கோயம்புத்தூரிலிருந்து வந்து இங்கே கணினி வேலை பார்க்கும் மீரா நெற்றியைச் சுருக்கினார். "அக்கா, கும்மின்னா இப்படியா அடிப்பாங்க? குனிஞ்சு, நிமிர்ந்து, சுத்தி வரணும்." எங்களுக்குள் அங்கேயே ஒரு சிறு தகராறு. அதற்குள் இக்போப் பெண்கள் மீராவின் முறையைப் பிடித்துக்கொண்டு, இடுப்பையும் சேர்த்து ஆட்டி, எங்கள் இரண்டு கட்சியையும் தோற்கடித்துவிட்டார்கள். சுற்றுலாப் பயணிகள் நின்று பார்த்தார்கள். காவலுக்கு நின்ற பொலிஸ் பெண்ணின் சப்பாத்து தாளம் போட்டதை நான் என் கண்ணால் கண்டேன்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் போனோம். மழையிலும் போனோம். அப்படி ஒரு மழை நாளில், பாராளுமன்றப் பெண் உறுப்பினர் ஒருவர் குடையோடு வெளியே வந்தார். ஓபி அக்கா பாட்டை நிறுத்தவில்லை. வட்டத்தில் ஓர் இடைவெளி விட்டு, அவரைக் கையால் உள்ளே அழைத்தார். அந்தப் பெண் தயங்கி உள்ளே வந்தார். பாட்டு முடியும்வரை வெளியே போக வழியில்லை. முடிந்ததும் ஓபி அக்கா இஃபெயானியின் படத்தைக் காட்டினார்.

"இவனை விடச் சொல்லிக் கேளுங்கோ எண்டு நான் சொல்லேல்லை. இவனை ஒரு நீதவானுக்கு முன்னாலை நிப்பாட்டுங்கோ எண்டு கேளுங்கோ. அது அவனுக்கு ஆரும் இரங்கிக் குடுக்கிறதில்லை. அவன்ரை உரிமை."

நைஜீரிய அரசிடம் கேட்பதாக அந்த உறுப்பினர் சொன்னார். கேட்கவும் செய்தார். அந்தக் கேள்வி எங்கெல்லாம் போனது, எந்த மேசையில் கிடந்தது என்று எனக்குத் தெரியாது. ஊர் வழக்கறிஞரின் ஓட்டமா, தாயின் அழுகையா, எங்கள் கும்மியா, எது பலித்தது என்றும் தெரியாது. தெரிந்தது இது மட்டும்தான்: ஒரு மத்தியானம் ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில், ஓபி அக்காவின் வீங்கிய காலுக்கு ஏற்ற சப்பாத்து தேடிக்கொண்டிருந்தோம். ஒரு காலில் சப்பாத்து, மறுகாலில் காலுறை. கைபேசி அடித்தது. அவர் காதில் வைத்துக் கேட்டார். அப்படியே பெட்டிகளுக்கு நடுவே நிலத்தில் இருந்துவிட்டார்.

கடையில் வேலைக்கு நின்ற பிள்ளை ஓடிவந்தாள். இங்கே பிறந்த தமிழ்ப் பிள்ளை. என்னைப் பார்த்து, "அன்ரி, அவவுக்கு ஏலாதோ? அம்புலன்ஸுக்கு ரிங் பண்ணட்டோ?" என்றாள்.

ஓபி அக்கா நிமிர்ந்து பார்த்தார். கன்னமெல்லாம் கண்ணீர், வாய் முழுக்கச் சிரிப்பு. "விட்டிட்டாங்கள்! வீட்டை வந்திட்டான்! அக்கா அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டு நிக்கிறாவாம்!"

எழுந்தார். ஒற்றைச் சப்பாத்தோடு ஆடினார். என்னையும் இழுத்தார். அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் சிரித்துக்கொண்டு கைதட்டினாள்.

கடந்த சனிக்கிழமை ஹவுகன்ஸ்டுவாவில் அவருக்காகக் கூடினோம். உடல் அவரது ஊருக்குப் போகிறது. சொந்த மண்ணில் அடக்கம் செய்வது அவர்களுக்கு விட்டுக்கொடுக்க முடியாத வழக்கம். நிறைவாக வாழ்ந்தவரை ஆடிப்பாடி வழியனுப்புவதும் வழக்கம்தான். எல்லோரும் ஒரே நிறத் துணியில் சட்டை தைத்து வந்திருந்தார்கள். எங்களுக்கும் தைத்து வைத்திருந்தார்கள். கெலெச்சி வாசலில் நின்று வருகிறவர்களைக் கைபிடித்து வரவேற்றார். அவரது கண்கள் சிவந்திருந்தன. அக்காவின் படத்துக்குப் பக்கத்தில் சியோமா தன் கைபேசியை நிறுத்தி வைத்திருந்தாள். அதில் ஆபாவிலிருந்து இஃபெயானி பார்த்துக்கொண்டிருந்தான்.

இக்போ மக்களின் கூட்டம் எதுவும் ஓர் அழைப்போடுதான் தொடங்கும். ஒருவர் "இக்போ, க்வெனு!" என்று கூப்பிட, கூட்டம் "யா!" என்று பதில் சொல்லும். ஒரே மனதாக இருக்கிறோமா என்று கேட்பதும், ஓம் என்பதும் போல. அழைப்பவர் பெரும்பாலும் ஆண். சியோமா ஒலிவாங்கியைக் கொண்டுவந்து என் கையில் தந்தாள்.

"ஐயோ, நானோ? நான் இக்போக்காரி இல்லையே."

"அம்மா சொல்லி வைச்சவ அன்ரி, உங்களைத்தான் கூப்பிடச் சொல்லி."

கூப்பிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மண்டபம் மரியாதைக்குப் பதில் சொன்னது. சியோமா தலையாட்டினாள். "அன்ரி, உது அம்மாவுக்குக் கேட்டிராது."

மூச்சை இழுத்து, அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டேன். யா! மண்டபத்தின் கண்ணாடிகள் அதிர்ந்தன. கெலெச்சி கத்தினார், மீரா கத்தினார், எங்கள் பெண்கள் எல்லோரும் கத்தினார்கள். சத்தம் அடங்கிய பிறகு, இணைப்பின் தாமதத்தால், கைபேசியிலிருந்து தனியாக ஒரு "யா!" வந்தது. இஃபெயானி. மண்டபமே சிரித்தது. மேளம் தொடங்கியது.

ஓபி அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது இதைத்தான்: கூப்பிட்டால் பதில் வரும் என்ற நிச்சயம். சில பதில்கள் தூரத்திலிருந்து வருகின்றன. அதனால் கொஞ்சம் பிந்தும்.